ஆமா, மூய் சாய், பணிப்பெண்: வேலையை விட்டால் எங்கே போவது?

சிங்கப்பூரின் வீட்டு வேலை வரலாற்றிலிருந்து மூன்று பெண்களை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். சம்பளத்தை வைத்து ஒப்பிடுவது வழக்கம். எனக்கு வேறு கணக்கு: இன்று வேலையை உதறினால், ராத்திரி அவள் எங்கே போய்ப் படுப்பாள்?

மூய் சாயிடம் இதைக் கேட்கவே வேண்டாம். கந்தோனிய மொழியில் அந்தப் பெயருக்குத் தங்கச்சி என்று பொருள். வறுமையில் பெற்றவர்கள் விற்ற சிறுமி அவள், கூலி கிடையாது. 1932இல் வந்த சட்டம் புதிதாக மூய் சாய் வைப்பதைத் தடுத்தது, ஏற்கெனவே இருந்தவர்களைப் பதிவுசெய்யச் சொன்னது. திரும்பிப் போவதென்றால், விற்ற வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆமா வேறு ரகம்: சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்த சீனப் பெண். தமிழில் அந்தச் சொல் தலையாட்டல். இவர்களோ தலையாட்டாததற்குப் பேர்போனவர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் முடிந்த கொண்டை. பலர் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் சுன்தக் வட்டாரத்துப் பட்டுத் தொழிலில் இருந்தவர்கள். கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்துக் கொண்டை போட்டுக்கொள்வது அங்கே ஒரு சடங்கு. 1930களில் பட்டு விலை சரிந்ததும் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார்கள். சீன ஆண்களின் வருகைக்குக் கட்டுப்பாடு விதித்த இங்கிருந்த காலனி அரசு, 1938 வரை பெண்களை விட்டுவைத்திருந்தது.

இவர்களின் பலம் சமையலில் இல்லை, சைனாடவுனில் இருந்த அறையில் இருந்தது. பல ஆமாக்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் கொங்சி அறை அது. பெட்டியை அங்கே வைக்கலாம், விடுமுறையில் தூங்கலாம், வேலை போனால் அடுத்த வீடு கிடைக்கும்வரை தங்கலாம், எந்த எஜமானி கஞ்சத்தனம் என்று விசாரிக்கலாம். படுக்க இடம் கையில் இருந்ததால், பிடிக்காத வீட்டிலிருந்து மூட்டையைக் கட்ட அவர்கள் தயங்கவில்லை. முதுமைக்கும் யோசித்திருந்தார்கள்: இங்கே சம்பாதித்த பணத்தில் சுன்தக்கில் பிங்யூத்தாங் என்ற இல்லம் எழுந்தது.

இன்றைய இல்லப் பணிப்பெண், 1978இல் தொடங்கிய வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்தின் வழி வருபவர். சட்டப் பாதுகாப்பில் ஆமாவைவிட மேலான நிலைதான். மருத்துவக் காப்புறுதி உண்டு. 2013 முதல் வார ஓய்வுநாள் உண்டு. ஆனால் அந்த நாளுக்கு ஈடாகப் பணம் கொடுத்து வேலை வாங்கலாம் என்ற சந்தும் கூடவே வந்தது. மாதம் ஒரு நாளையாவது அப்படி விலைபேசக் கூடாது என்று விதிக்க 2023 ஆனது. வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, தங்குவதும் அவர் வீட்டில்தான். பணிப்பெண்ணுக்காக முதலாளி அரசிடம் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்கிறார். அந்தப் பணம் போய்விடுமோ என்று பிணை போட்டவருக்குக் கவலை. அந்தக் கவலை வீட்டுக் கதவுக்குப் பூட்டாகிறது.

இந்த ஓர் அளவுகோலில் ஆமாவுக்குத்தான் என் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் போனால், இன்றைய பணிப்பெண்கள் நிழல் கண்ட இடத்தில் பாய் விரித்து, சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டு, எந்த வீட்டு அம்மா எப்படி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதே கொங்சிதான், சுவர் மட்டும் இல்லை. இருட்டியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மாக்களின் வீட்டுக்கே திரும்ப வேண்டும்.