பாலைவனப் பகுதியில் சோலார் பேனல் பொருத்துவோர் கவனத்திற்கு

வறண்ட மணற்பகுதியில் கூரைமேல் சோலார் பேனல் பொருத்த எண்ணுவோர், "சாய்வாகத்தானே இருக்கிறது, தூசியைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும்" என்று பொருத்துபவர் சொல்வதை நம்பிவிட வேண்டாம். நான் நம்பினேன், துப்புரவு பற்றி ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இட்டேன்.

ஆறே வாரங்களில், மேகமில்லாத நாள்களிலும் மின்னுற்பத்தி ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிட்டது. முறையிட்டபோது, கோடை வெப்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் ஏமாந்தேன். சிலிக்கான் பேனலின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஆனால் வெப்பம் எல்லாப் பேனல்களுக்கும் பொது. எனவே ஒரே ஒரு பேனலை மட்டும் கழுவி, எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு அதையும் பக்கத்துப் பேனலையும் அதே வெயிலில் அளக்கச் செய்தேன். கழுவியது 9.2 ஆம்பியர் காட்டியது, கழுவாதது 6.9 ஆம்பியர்.

பாலைவனத் தூசி பறந்துவிடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இரவுப் பனி. திறந்த வானத்தின் கீழ்க் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் அதன்மேல் ஈரம் படிகிறது. அந்த ஈரம் தூசியிலுள்ள உப்பைக் கரைத்து, காலை வெயிலில் காயும்போது துகள்களைக் கண்ணாடியோடு இறுக ஒட்டிவிடுகிறது. என் பேனல்களின் கீழ்விளிம்பில், சட்டத்தை ஒட்டி, நகத்தால் சுரண்டினால்தான் பெயரும் சேற்றுப் பட்டை ஒன்று படிந்திருந்தது. பேனலில் மின்சாரம் உண்டாக்கும் சிறு கட்டங்களான செல்களில் அது மறைத்தது அடிவரிசையை மட்டுமே. ஆயினும் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மறைந்த செல் தன்னோடு சேர்ந்த மற்றவற்றின் மின்னோட்டத்தையும் பிடித்து நிறுத்துகிறது. அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகவும் கூடும்.

இதற்குப் பிறகு அதே நிறுவனம் தனிக் கட்டணத்தில் துப்புரவு ஒப்பந்தம் ஒன்றை என்னிடம் விற்றது. அதனால் நேர்ந்த கேடுதான் பெரிது. ஆட்கள் நண்பகலில் வந்து, கை வைக்க முடியாதபடி சுட்ட கண்ணாடியில் உப்புத்தண்ணீரை ஊற்றி, அது நொடியில் காய்ந்து வெண்திட்டாகப் படிந்ததும் முரட்டுப் பிரஷால் அழுத்தித் தேய்த்தார்கள். ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் மேற்பூச்சு வட்ட வட்டமாகக் கீறிப்போய்விட்டது. வெண்படிவத்தை அகற்றலாம், கீறலை அகற்ற வழியில்லை.

ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவார்கள், புழுதிப்புயலுக்கு மறுநாள் வருவார்களா, உப்பு நீக்கிய தண்ணீரும் மென்மையான பிரஷும் பயன்படுத்துவார்களா, பேனல் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் வேலையை முடிப்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் எதற்கும் உதவாது. நான் வாரண்டியைக் காட்டிக் கேட்டபோது, அது தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று கைவிரித்துவிட்டார்கள். கீறல்களைப் படம் எடுத்து அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.