அம்மாவின் கைக்குப் பிடித்த தோல் சீவி

ஒன்றரை வருடமாக எங்கள் அடுக்களையில் ஒரு தோல் சீவி தொங்குகிறது. ஆக்ஸோ நிறுவனத்தின் குட் கிரிப்ஸ் வகை, தடித்த கருப்பு ரப்பர் பிடி போட்டது. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தாள், பத்துப் பதினோரு டாலர் ஆனதாம். அந்தக் காசுக்கு நம்ம ஊர்ப் பாத்திரக் கடையில் இருபது தோல் சீவி வாங்கலாம். அது தெரிந்தேதான் சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது கைவிரல் மூட்டுகளில் வலி இருந்தால் இதை வாங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, வெந்நீரில் கையை முக்கி முக்கி எடுத்து ஒரு மணி நேரம் போன பிறகுதான் காபி டம்ளரைப் பிடிக்க முடியும். மாத்திரை சாப்பிட்டு வீக்கம் ஓரளவு கட்டுப்பட்டுவிட்டது, ஆனால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையாவது இறுக்கிப் பிடிப்பது மட்டும் இன்றைக்கும் கஷ்டம். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும், கனமான பானையைக்கூட இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவிடலாம், மெல்லிசான ஒன்றைக் கிள்ளிப் பிடிப்பதுதான் உயிர் போகும்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. திருநெல்வேலிக்காரர்களிடம் கூட்டாஞ்சோறு என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், உருளைக்கிழங்கு, கேரட் என்று அரிந்து குவித்து, பருப்பும் அரிசியும் சேர்த்து, அரைத்த தேங்காயைப் போட்டு, கடைசியில் முருங்கைக்கீரையைத் தூவி இறக்குவார் அம்மா. அது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா ஒருநாளும் “என்னால முடியலை” என்று சொன்னதில்லை. ஒரு நாள் காய்கறிப் பையைக் கொட்டும்போதுதான் கவனித்தேன், உள்ளே கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, அவரைக்காய், கீரை, அவ்வளவுதான். போன வாரமும் அதேதான் வந்தது, அதற்கு முந்தின வாரமும் அதேதான். தோல் சீவ வேண்டாத காயாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை மாதமாக என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்குட்டி இப்போ” என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்பா ஒரு வழி செய்து பார்த்தார். பழைய சைக்கிள் டியூபை நீளமாக நறுக்கி, வீட்டில் இருந்த தகரத் தோல் சீவியின் பிடியில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். பிடி தடித்தது, அம்மாவும் இரண்டு வாரம் சந்தோஷமாக உபயோகித்தார். அப்புறம் ரப்பர் பிசுபிசுவென்று ஆகிவிட்டது, ஈரக் கையில் டியூபே சுழல ஆரம்பித்தது, ஒரு நாள் விரலை வெட்டிக்கொண்டதும் எடுத்துப் போட்டுவிட்டோம். ஆனால் அப்பாவின் யோசனை சரியான யோசனைதான். மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் கைப்பயிற்சி சொல்லித் தருபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், கரண்டி, பேனா, சாவி எதுவானாலும் பிடியைத் தடிமனாக்கு, விரல் மூட்டில் விழும் அழுத்தம் குறையும் என்று.

இப்போது இந்தத் தோல் சீவிக்கு வருவோம். பிடி ஒரு சின்ன வாழைப்பழம் அளவுக்குத் தடிமன். உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் கைக்குள் உருளாது. கழுத்துப் பக்கம் இரண்டு புறமும் மீன் செவுள் மாதிரி மெல்லிய ரப்பர் செதில்கள் வரிசையாக இருக்கின்றன, கட்டைவிரலை அங்கே வைத்தால் விரலுக்குத் தகுந்த மாதிரி அமுங்கிக் கொடுக்கின்றன. அம்மா செய்வது என்னவென்றால், விரல் நுனியால் பிடிப்பதே இல்லை, முழு உள்ளங்கைக்குள் பிடியை உட்கார வைத்து முழங்கையை அசைத்து இழுக்கிறார். வேலை விரலில் இருந்து கைக்கு மாறிவிடுகிறது. அலகு நிலையாக இல்லாமல் தானாகத் திரும்பிக் கொடுப்பதால் காயின் வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதில்லை, அது இன்னொரு பெரிய நிம்மதி. அலகும் நல்ல கூர். கூர் இல்லாத அலகை அழுத்தித்தான் இழுக்க வேண்டும், அழுத்தினால் வலி, அதனால் இந்தக் கைகளுக்குக் கூர்மைதான் பாதுகாப்பு.

எங்கள் சமையலில் எதற்கு உதவுகிறது என்று சொன்னால்தான் நமக்குப் பயன். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், வெள்ளரிக்காய், மாங்காய் எல்லாம் சுகமாக வருகின்றன. சௌசௌவும் சுரைக்காயும் அப்படியே. வாழைக்காய்க்குப் பிசின் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வோம் இல்லையா, எண்ணெய்க் கையில் தகரப் பிடி நழுவும், இந்த ரப்பர் நழுவவில்லை, நான் மிகவும் வியந்தது இதில்தான். பீர்க்கங்காய்க்கு மட்டும் ஒரு விஷயம், இது தோலை மெலிசாக எடுக்கும், நமக்கோ துவையலுக்குக் கொஞ்சம் சதையோடு தோல் வேண்டும். அம்மா முதலில் நரம்புகளை ஒரு தடவை இழுத்துவிட்டு, அதே தடத்தில் இன்னும் ஒரு தடவை இழுத்துத் துவையலுக்கு எடுத்து வைக்கிறார். சேனைக்கிழங்கு, பலாக்காய், பரங்கிக்காய் போன்ற தடித்த தோல்காரர்களுக்கு இது செய்யப்பட்டதல்ல, அவற்றுக்கு அரிவாள்மனைதான், அந்த வேலை இப்போது என்னுடையது. நுனியில் உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட ஒரு சின்ன வளைவு இருக்கிறது, நன்றாக உதவுகிறது. செதில் இடுக்கில் கிழங்கு மண் ஏறினால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், போதும்.

இது எப்படி உருவானது என்று தேடிப் படித்தபோது எனக்கு இந்தச் சாமான் மேல் மதிப்பு இன்னும் கூடியது. சாம் ஃபார்பர் என்பவர் அமெரிக்காவில் 1960ல் காப்கோ என்ற பாத்திர நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர், வீட்டுச் சாமான் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அதை விட்டு ஓய்வு பெற்ற பிறகு, மனைவி பெட்சியோடு பிரான்ஸின் தென்பகுதியில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பெட்சி கட்டடக் கலை படித்தவர், கையில் லேசாக மூட்டுவாதம். ஆப்பிள் பண்டம் செய்வதற்காகத் தோல் சீவும்போது அந்த மெல்லிய உலோகப் பிடி அவர் கையைப் படுத்தியிருக்கிறது. அங்கே ஆரம்பித்த பேச்சுதான். ஃபார்பர் நியூயார்க்கில் இருந்த ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை அணுக, 1990ல் 15 சமையல் கருவிகளோடு ஆக்ஸோ குட் கிரிப்ஸ் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து.

அந்த ரப்பர் செதில்களுக்கான யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா, சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையில் இருந்து. இதைப் படித்தவுடன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “நாம டியூபைப் பிடிச்சோம், அவன் ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கான்” என்றார், முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஆனால் சைக்கிள் டியூபுக்கும் இதற்கும் நடுவில் அவர்கள் செய்த வேலை பெரியது. தன் வீட்டுக் கை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அச்சுப் போட்டுவிடவில்லை. மூட்டுவாதம் உள்ள தன்னார்வலர்கள், சமையல்காரர்கள், கடைக்காரர்கள் என்று பலரிடமும் பேசியிருக்கிறார்கள். பட்ரீஷியா மூர் என்ற வடிவமைப்பாளரின் ஆலோசனையும் இருந்திருக்கிறது. இவர் இருபத்தாறு வயதில், 1979ல் தொடங்கி மூன்று வருடத்துக்கும் மேல், எண்பது வயதுப் பாட்டி போல வேடமிட்டு, பார்வை மங்கும் கண்ணாடி போட்டு, மூட்டுகள் மடங்காதபடி கட்டிக்கொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் நடமாடிப் பார்த்தவர். முதுமை என்றால் என்ன என்பதைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு கற்றவர். தனக்கு வந்த கஷ்டத்துக்குத் தீர்வு தேடித் தொழில் தொடங்கியவர்கள் கதையை நாம் நிறையக் கேட்கிறோம், அதில் பல பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நமக்கு வலித்தது ஆரம்பம்தான், அடுத்தவர் கை நம் கையைப் போலவா இருக்கும், போய்ப் பார்க்க வேண்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம். இந்தக் கதை பல வருடமாக, நோயாளி மனைவிக்காக அன்புள்ள கணவர் செய்த கண்டுபிடிப்பு என்றே சொல்லப்பட்டு வந்தது. பிற்காலத்தில் பெட்சியே இதைப் பற்றி வருத்தத்தோடு பேசியிருக்கிறார். கைக்கு இதமான கருவி வேண்டும் என்ற யோசனையே தன்னுடையதுதான், ஆனால் வரலாற்றில் தான் மூட்டுவாதக்காரியாக மட்டும்தான் நிற்கப்போகிறேன் என்கிற பொருளில். கணவரின் தொழில் அனுபவம் இல்லாமல் இது கடைக்கு வந்திருக்காது, சரி. ஆனால் பிடி எங்கே உறுத்துகிறது, எந்த விரல் முதலில் சோர்கிறது என்பது வலித்த கைக்குத்தானே தெரியும், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வடிவம் என்றால் என்னவென்று படித்தவரும்கூட. அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்பது வருடத்தில் அம்மாவுக்கு எத்தனையோ சாமான் வாங்கித் தந்திருக்கிறேன், என்ன வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை.

வாங்கித் தந்தவற்றில் பாதி பரணில் கிடக்கிறது. காரணம், அவை பார்ப்பதற்கே ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருந்தன, விருந்தாளி வந்தால் அம்மா ஒளித்து வைத்துவிடுவார். ஆக்ஸோ ஆரம்பத்தில் இருந்தே இதை நோயாளிகளுக்கான கருவி என்று விற்கவில்லை, எல்லாருக்குமான நல்ல தோல் சீவி என்றுதான் சாதாரணக் கடைகளில் தொங்கவிட்டது, பக்கத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு விலைக்கு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் நான், தம்பி, தம்பி மனைவி எல்லாரும் இதைத்தான் தேடுகிறோம், அதனால் இது அம்மாவுக்கென்று வந்த சாமானாக இல்லை, வீட்டுச் சாமானாக இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் நிம்மதி.

வாங்குகிறவர்கள் கவனிக்க இரண்டு மூன்று விஷயம். இதே போலக் கருப்புப் பிடி வைத்து நூறு, நூற்றைம்பதுக்குக் கடைகளில் தொங்குவது வேறு. நான் ஒன்று வாங்கிப் பார்த்தேன், பார்வைக்குச் செதில் இருக்கிறது, அமுக்கினால் கெட்டிப் பிளாஸ்டிக். கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால்தான் வாங்க வேண்டும். ஆங்கில ஒய் எழுத்து வடிவத்திலும் ஆக்ஸோ தோல் சீவி வருகிறது, அதைப் பென்சில் பிடிப்பதுபோலப் பிடித்து மேலிருந்து கீழே இழுப்பவர்கள் அதிகம், விரல் மூட்டு வலிக்காரர்களுக்கு நேர் பிடி உள்ளதே நல்லது. நாங்கள் வைத்திருக்கும் சாதாரண வகையில் அலகை மட்டும் மாற்ற வழியில்லை, கூர் போனால் முழுதாக மாற்ற வேண்டியதுதான், எங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. அவ்வளவு பணம் இப்போதைக்கு முடியாது என்றால், ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரை உறையில் ஒரு சாண் வாங்கி, இருக்கிற தோல் சீவியின் பிடியில் இறுக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஊறும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஆனாலும் விரலுக்கு வித்தியாசம் தெரியும்.

போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் கூட்டாஞ்சோறு ஆனது. வாழைக்காயை நான் எடுத்தேன், கையில் இருந்து வாங்கி வைத்துக்கொண்டார் அம்மா.

சாப்பிட்டு முடித்து, நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் வேறு என்னவெல்லாம் கையைப் படுத்துகிறது என்று கேட்டேன். மளமளவென்று சொன்னார். ஊறுகாய் பாட்டில் மூடி. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரின் அழுத்தான். குக்கர் மூடியைத் திருப்பிப் பூட்டுவது. மிக்ஸி ஜாரைப் பொருத்திப் பிடித்துக்கொண்டிருப்பது. தேங்காய் துருவுவது. எல்லாவற்றுக்கும் மேலே மாத்திரை அட்டை, மூட்டு வலி மாத்திரையின் அட்டையையே பிரிக்க முடியவில்லை, தினமும் அப்பாதான் பிரித்துத் தருகிறார். இதில் எதற்காவது நம்ம ஊரிலேயே யாராவது வழி செய்திருந்தால், அல்லது செய்யும் எண்ணத்தில் இருந்தால் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று சொல்ல அம்மா தயார்.