காலை ஆறு மணி உழவர் சந்தை: ஒன்றரை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மிக்சி வாங்கினால் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். நான் ஒன்றரை வருடமாக விடாமல் பயன்படுத்துகிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊர் உழவர் சந்தை. கொங்குப் பக்கத்தில் நடுத்தரமான ஒரு ஊர். பெயர் சொல்லப் போவதில்லை, குறையும் சொல்லவேண்டியிருக்கிறது, நாளைக்கும் நான் அதே இடத்தில்தான் போய்க் கீரை வாங்கவேண்டும்.

ஆரம்பித்தது சுகரில். முந்தின வருடம் ஆனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7 தாண்டினாலே எச்சரிக்கை, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய். டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் வீட்டுக்குள்ள வரல, வாசல்ல செருப்பக் கழட்டிட்டு இருக்கு" என்றார். மாத்திரை எழுதவில்லை. நடங்க, தட்டில் பாதி காயா இருக்கட்டும், அவ்வளவுதான்.

நடந்தேன். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒன்பது நாள். பத்தாவது நாள் மழை, அதற்கப்புறம் போகவில்லை. நடப்பதற்காக நடப்பது எனக்கு வராது, செக்கு மாடு ஞாபகம்தான் வருகிறது. கடைசியில் கைகொடுத்தது என் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை. "அண்ணி, காய் வாங்கப் போறதையே நடந்து போயேன்." வீட்டிலிருந்து சந்தை ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போக இருபது நிமிடம், வரும்போது இரண்டு கையிலும் பை இருப்பதால் இருபத்தைந்து. வாரத்துக்கு நாலு நாள் போனால் 180 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்சம் வாரத்துக்கு 150. பாஸ் மார்க் தாண்டியாச்சு, அதுவும் சுமையோடு.

காய் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான அதிர்ச்சி. அதே நிறுவனம் ஒரு ஆள் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது, உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது. வீட்டில் நாலு பேர். நாள் ஒன்றுக்கு 1,600 கிராம், வாரத்துக்குப் பதினொரு கிலோவுக்கு மேல். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ, அதில் ஒரு கிலோ உருளை! தினமும் சாம்பார், தினமும் பொரியல், காய்கறி நிறையச் சாப்பிடுகிற குடும்பம் என்று வெளியில் பெருமை வேறு. சாம்பாரில் மிதக்கிற நாலு முருங்கைத் துண்டை எடை போட்டால் என்ன வரும்? இன்றைக்கும் பதினொன்று எட்டவில்லை, பழத்தோடு சேர்த்து எட்டு கிலோவில் நிற்கிறோம். வாரத்துக்கு நானூறு ரூபாய்க்குள் முடிகிறது, மாம்பழக் காலம் தவிர.

சரி, சந்தைக்கு வருவோம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: விவசாயி இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கவேண்டும் என்று 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் திறந்துவைத்தார். பஞ்சாபிலும் ஆந்திராவிலும் அதற்கு முன்பே இதே மாதிரி சந்தைகள் இருந்தன. கடைக்கு வாடகை கிடையாது, தராசு அரசாங்கமே கொடுக்கும், வியாபாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விற்பவரிடம் படம் ஒட்டிய அட்டை இருக்கும். தோட்டத்தில் என்ன விளைகிறது என்று பார்த்துத்தான் அட்டை கொடுப்பார்கள். காலையில் வாசல் பலகையில் விலை எழுதுவார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே சில்லறைக் கடை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் வருகிற மாதிரி விலை வைப்பதுதான் ஏற்பாடு. அதாவது விளைவித்தவருக்கும் ரெண்டு காசு கூட, வாங்குகிறவருக்கும் ரெண்டு காசு மிச்சம். ஆட்சி மாறும்போதெல்லாம் இதன் தலையெழுத்தும் மாறியது, நடுவில் பல ஊர்களில் ஈ ஓட்டின. எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் பாதிக் கடையில் நாய் படுத்திருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

இப்போது கூட்டம் இருக்கிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் விவசாயி என்று நம்பிவிடாதீர்கள். முதல் மாதம் நான் ஏமாந்தேன். பளிச்சென்று அடுக்கிவைத்திருந்த ஒருவரிடமே தொடர்ந்து வாங்கினேன், தக்காளி எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. பிறகுதான் பக்கத்தில் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காதில் போட்டார்: "அம்மிணி, காலிபிளவரும் இஞ்சியும் கத்தரிக்காயும் பீட்ரூட்டும் ஒரே ஆளு தோட்டத்துல வெளையுமா?" அவ்வளவுதான், கண் திறந்துவிட்டது. அது முந்தின ராத்திரி மண்டியில் எடுத்த சரக்கு. உண்மையான விவசாயியிடம் ரெண்டு காய், மிஞ்சினால் நாலு காய் இருக்கும். கத்தரியில் சின்னதும் பெரியதும் கலந்திருக்கும், ஒன்றிரண்டில் புழு ஓட்டை இருக்கும், நகக்கண்ணில் மண் இருக்கும். வாழைப்பூ விற்பவர் என்றால் விரலெல்லாம் கறை. மலைக்காய் மட்டும் விதிவிலக்கு, அது எப்படியும் ஊட்டிப் பக்கமிருந்துதான் வரவேண்டும்.

நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே கீரைப் பாட்டிக்காகத்தான் என்றும் சொல்லலாம். ஈரச் சாக்கு விரித்து அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, அப்புறம் ஒரு ஓரத்தில் நாலைந்து கைப்பிடி முடக்கத்தான். தராசே தொடமாட்டார், எல்லாம் கட்டுக் கணக்கு. முதல் தடவை நான் பெரிய கட்டாகப் பொறுக்கியபோது கையைத் தட்டிவிட்டார். "அது முத்தலு கண்ணு, நாரு நாரா வரும். தண்ட ஒடிச்சுப் பாரு." ஒடித்தேன், வளைந்தது. அவர் ஒன்றை எடுத்து ஒடித்தார், 'டக்'கென்று சத்தம். வெண்டைக்காய்க்கு நுனி ஒடிக்கத் தெரியும், கீரைக்கும் அதே பரீட்சை உண்டென்று நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். முடக்கத்தானை அரிசியோடு அரைத்து தோசை ஊற்றச் சொன்னதும் அவர்தான். மூட்டுவலி பறந்துவிடும் என்று சந்தையில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் ருசிக்காகத்தான் வாங்குகிறேன். லேசான கசப்பு, தேங்காய்ச் சட்னிக்கு அப்படி ஒரு ஜோடி.

போன ஐப்பசியில் பாட்டி இரண்டு வாரம் வரவில்லை. முதல் நாள் மழை என்று நினைத்தோம். மூன்றாவது நாள் வாங்க வருகிறவர்களே ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு போலீஸ்காரர் உட்பட. பக்கத்துக் கடைப் பீர்க்கங்காய் அண்ணன்தான் விசாரித்துச் சொன்னார்: கண்புரை ஆபரேஷன், நல்லா இருக்காங்க, தூசு புகைக்குள்ள உக்காரக்கூடாதுன்னு மருமக அனுப்பல. அந்த இரண்டு வாரமும் பாட்டியின் இடத்தில் யாரும் சாக்கு விரிக்கவில்லை. கூட்டம் பிதுங்குகிற ஞாயிற்றுக்கிழமைகூட அந்த நாலடி காலியாகவே கிடந்தது. திரும்பி வந்த அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சினிமா நடிகை மாதிரி. ஜிம்மில் வருடச் சந்தா கட்டி மூன்று மாதத்தில் நின்றவள் நான், இன்றுவரை அங்கிருந்து யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. சந்தா புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது.

முக்கியமான ஒன்று. உழவர் சந்தை என்றால் மருந்தடிக்காத காய் என்று அர்த்தமில்லை. நிறையப் பேர் இப்படி நினைத்துக்கொண்டு வருகிறார்கள், விற்பவர்களும் மறுப்பதில்லை. நான் நேராகவே கேட்டுவிடுவேன். கத்தரிக்காய் அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "கத்தரிக்கு அடிக்காம முடியாதுங்க, காய்ப்புழு வுடாது. அடிச்சா இத்தன நாளைக்குப் பறிக்கக்கூடாதுன்னு கணக்கு இருக்கு, அது வரைக்கும் கை வைக்கமாட்டோம். முருங்கைக்கு நாங்க ஒண்ணுமே அடிக்கறதில்ல." பாக்கெட்டில் அடைத்து இயற்கை என்று முத்திரை குத்திய காயைவிட எனக்கு இந்தப் பதில் பிடித்திருக்கிறது. கேட்பதற்கு ஒரு ஆள் எதிரில் இருக்கிறாரே. எதை வாங்கினாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் நறுக்குகிறோம், காலிபிளவர் என்றால் உப்புப் போட்ட வெந்நீரில்.

இன்னொன்று சுரைக்காய். ஒரு தடவை வாங்கி வந்து கூட்டு வைத்தால் வாயில் வைக்கமுடியாத கசப்பு. நல்லவேளை, யாரும் சமாளித்துச் சாப்பிடவில்லை. சுரைக்காய் கசந்தால் அது ருசிக் கோளாறு இல்லை, விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தவாந்தி வரைக்கும் போகும், சர்க்கரை குறையுமென்று சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் போய் விற்றவரிடம் சொன்னேன், சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் பதறிப்போய், "அய்யோ, நறுக்கறப்பவே ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாக்கோணுமுங்க" என்று சொல்லி வேறு காய் கொடுத்து, கூடவே கொசுறாக ஒரு கைப்பிடி கருவேப்பிலையும் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுரைக்காய் நறுக்குபவர் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிற செயலியும் பயன்படுத்திப் பார்த்தேன். விலை சில நாள் சந்தையைவிடக் குறைவுகூட. ஆனால் கீரை துணி மாதிரி துவண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துப்போய் வந்தது, தண்டை ஒடித்துப் பார்க்கிற கதையே இல்லை. அவசரத்துக்குத் தயிர் வாங்க நல்லது.

இனி குறைகள், வரிசையாக இல்லை, கோபம் வருகிற வரிசையில். கழிப்பறை. விற்க வருகிற பெண்கள் மூன்றரை மணிக்கே எழுந்து முதல் பஸ்ஸில் மூட்டை ஏற்றி வருகிறார்கள். கழிப்பறைக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்கு மேல்தான் வருவார். இதனால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு அக்கா சாதாரணமாகச் சொல்கிறார், எத்தனை வருடமாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனு கொடுத்தோம், நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு. இப்போது ஆறரைக்குத் திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர. அந்த 'தவிர'வுக்கு இன்னொரு மனு தயாராகிறது.

அப்புறம் பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை இயக்கம் வந்தும் சில வருடம் ஆகிவிட்டது. இங்கே மெல்லிசான கேரி பை இன்னும் புழங்குகிறது, முக்கியமாக வெறுங்கையோடு ஸ்கூட்டரில் வருகிற நம்மைப் போன்றவர்களுக்காக. கேட்டு வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு பாட்டியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்! பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தருகிற இயந்திரம் ஒன்று வாசலில் நிற்கிறது, நான் பார்த்தவரை அது நிற்க மட்டும்தான் செய்கிறது.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, நடந்து போனால் அந்தப் பிரச்சினை இல்லை. விலைப் பலகையில் சில நாள் நேற்றைய விலையே இருக்கும்.

எங்கள் காம்பவுண்டில் இப்போது நாலு வீடு. முதலில் நான் மட்டும் போனேன். பிறகு எதிர்வீட்டு அக்கா சேர்ந்துகொண்டார், அவருக்கு பிபி. மாடியில் இருக்கிற எண்பது வயதுத் தாத்தாவால் நடக்க முடியாது, முந்தின ராத்திரியே துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிடுவார். கையெழுத்து நடுங்கும், ஆனால் "கத்தரி கால், ஊதா, உருண்டை" என்று விவரம் துல்லியமாக இருக்கும். ஒரு நாள் சீட்டு இல்லையென்றால் நாங்கள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். வாழைத்தண்டு ஒரு வீட்டுக்கு அதிகம், நாலாகப் பங்கு போட்டால் வீணாகாது. வாழைப்பூ ஆய்வதற்கு ஆள் கிடைக்கிறது, பேச்சும் நடக்கிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். போன மாதம் 5.9. டாக்டரம்மா, "செருப்ப மாட்டிக்கிச்சு, இன்னும் கேட்டத் தாண்டல" என்றார். சந்தை மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், சாயந்திர பஜ்ஜியையும் நிறுத்தினேன், சோற்றையும் ஒரு கரண்டி குறைத்தேன். வயிறு காயால் நிறைந்ததால்தான் அந்த ஒரு கரண்டியைக் குறைக்க முடிந்தது, அதை உறுதியாகச் சொல்வேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். கழிப்பறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்தால் நாலரை.

போகிறவர்களுக்கு: தை மாதம் அவரையும் மொச்சையும் வரத்து அதிகம், இப்போதே போங்கள். முருங்கைக்காய் விலையைப் பார்த்து மயங்கி விழவேண்டாம், தை தாண்டினால்தான் இறங்கும், அதுவரை முருங்கைக்கீரை இருக்கிறது. பத்து ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்கள், எல்லோரிடமும் ஸ்கேன் அட்டை இருந்தாலும் பாட்டியிடம் இருப்பது அவர் பேரன் நம்பர், காசு அவனுக்குத்தான் போகிறதாம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த இடம் அவருடையது. ஆறே முக்காலுக்கு மேல் போனால் முடக்கத்தான் இருக்காது, நான் வாங்கியிருப்பேன்.