14,500 ரூபாய் போச்சு: "2கே மானிட்டர்" என்று சொல்லித் தருவதை நம்பி வாங்காதீர்கள்

14,500 ரூபாய். நாலு நாளைக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எண்ணிக் கொடுத்த பணம். "27 இஞ்ச், 2கே, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ்" என்று சொல்லித் தந்தார்கள். 2கே என்றால் திரையில் 2560 × 1440 பிக்சல், அதாவது புள்ளி. ஐபிஎஸ் என்றால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல், அதாவது திரைப் பலகை. 165 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 165 தடவை படம் மாறும். அவர்கள் சொன்னதில் 27 இஞ்ச் மட்டும்தான் உண்மை. மற்ற மூன்றும் பொய்.

கடைப் பெயரைப் போடவில்லை. அசெம்பிள் பண்ணுவது, சிசிடிவி மாட்டுவது, பழைய லேப்டாப் வாங்கி விற்பது எல்லாம் ஒரே மாடியில் நடக்கிற வகைக் கடை. தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று எங்கே போனாலும் இப்படி ஒன்று இருக்கும். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஏமாற்று எந்தக் கடையிலும் நடக்கலாம், அவ்வளவு சுலபம். மானிட்டர் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

நம்பியது ஒரே ஒரு இடத்தில். கடைக்காரத் தம்பி மானிட்டரை ஒரு சிஸ்டத்தில் மாட்டி, டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். ரெசல்யூஷன் கட்டத்தில் 2560 × 1440 என்று இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணே, கம்ப்யூட்டரே சொல்லுது, பாத்துக்கிடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கண்ணால் எண்ணைப் பார்த்த பிறகு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அந்த எண் மானிட்டரைப் பற்றியதே இல்லை. கம்ப்யூட்டர் என்ன அனுப்புகிறது என்பதைத்தான் அது சொல்லும். மானிட்டருக்குள் ஸ்கேலர் என்று ஒரு சிப் இருக்கிறது. 1440 வரி வந்தாலும் வாங்கிக்கொண்டு, பேனலில் இருக்கிற 1080 வரிக்குள் அமுக்கிக் காட்டிவிடும். அதாவது நாலு வரியை மூன்று வரிக்குள் திணிப்பது. வீடியோ ஓட்டிக் காட்டினால் வித்தியாசம் தெரியாது. கடையில் ஓட்டியதும் கடலும் கிளியும் வருகிற டெமோ வீடியோதான். எழுத்தைத் திறந்தால் தெரிந்திருக்கும். தமிழ் எழுத்து என்றால் இன்னும் நன்றாகவே தெரியும்: 10 பாயிண்டில் மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளி சாம்பல் நிறத்தில் கரைந்து போகிறது, ணகரத்தின் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு னகரம் மாதிரி நிற்கிறது. நாள் முழுக்கத் தட்டச்சு வேலை பார்க்கிறவர்களுக்குக் கண் எரிச்சல்தான் மிச்சம்.

உண்மையைக் கண்டுபிடிக்க அதே செட்டிங்ஸ் போதும். ரெசல்யூஷன் கட்டத்தை அமுக்கிப் பட்டியலைத் திறந்தால், ஒரு எண்ணின் பக்கத்தில் மட்டும் "ரெக்கமண்டட்" என்று இருக்கும். மானிட்டர் தன் சொந்த அளவைச் சின்ன மெமரி ஒன்றில் வைத்திருக்கிறது, இடிஐடி என்பார்கள். கேபிள் மாட்டியதும் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். இந்த மானிட்டரில் "ரெக்கமண்டட்" நின்றது 1920 × 1080 பக்கத்தில். கடையில் அந்தப் பட்டியலை அவர் திறக்கவே இல்லை, முன்கூட்டியே மாற்றி வைத்திருந்த எண்ணை மட்டும் காட்டினார். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலும் 75-ல் முடிகிறது. 165 எங்கே?

இடிஐடி-யையே மாற்றி எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. திரை முழுக்க வெள்ளையாக வைத்து, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைத் திரையில் லேசாக ஒட்டிப் பிடித்து, போன் கேமராவை நன்றாகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படம் எடுங்கள். பெரிதாக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கோடு சேர்ந்தது ஒரு பிக்சல் என்று தெரியும். 27 இஞ்ச் திரையின் அகலம் கிட்டத்தட்ட 59.8 செ.மீ. அதில் 2560 பிக்சல் இருந்தால் 1 செ.மீ.க்குள் ஏறக்குறைய 43 வரும். 1920 என்றால் 32. எனக்கு வந்தது 32. மூன்று இடத்தில் எண்ணினேன், மூன்றிலும் 32.

ஐபிஎஸ்-உம் பொய். கீழே உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்தால் முகங்கள் எல்லாம் நெகட்டிவ் மாதிரி கறுக்கின்றன. அது டிஎன் என்கிற மலிவு வகைப் பேனலின் குணம். கடையில் கண் மட்டத்துக்கு ஷெல்ஃபில் வைத்து நேராக நிற்கவைத்தே காட்டினார்கள்.

இனி அலைக்கழித்த கதை. 14,500 ரூபாய் வாங்கும்போது இருந்த மரியாதை மறுநாள் இல்லை.

முதல் போனுக்கு, "கேபிள்தான் பிரச்சினை அண்ணே, டிபி கேபிள் போட்டா 165 வந்துரும்" என்றார்கள். டிபி என்றால் டிஸ்ப்ளே போர்ட், கேபிள் சொருகுகிற ஒரு வகை இடம். இந்த மானிட்டரின் பின்னால் அதுவே கிடையாது! ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ, அவ்வளவுதான். இரண்டாவது போனுக்கு, கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் பண்ணச் சொன்னார்கள். எந்த டிரைவரும் பேனலில் இல்லாத பிக்சலை முளைக்க வைக்காது. மூன்றாவது தடவை பெட்டியோடு நேரில் போனபோது, "முதலாளி சரக்கெடுக்கத் திருவனந்தபுரம் போயிருக்காரு, நாளைக்கு வாங்க." நாளைக்கும் போனேன். முதலாளி இருந்தார். ஸ்கேல் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "1920-ன்னா கிட்டத்தட்ட 2000 தானே சார். அதைத்தான் 2கேன்னு சொல்லுவோம்."

இந்தப் பதிலுக்குத்தான் வயிறு எரிகிறது. சினிமாக்காரர்களின் கணக்கில் 2கே என்பது 2048 × 1080 என்பது உண்மைதான். ஆனால் மானிட்டர் விற்கிற எல்லாரும் 2கே என்று சொல்வது 2560 × 1440-ஐ. 2560 என்று திரையில் காட்டி விற்றுவிட்டு, மாட்டிக்கொண்டதும் 1920-உம் 2கேதான் என்பது எந்த ஊர் நியாயம்? கடைசியில் "வேணும்னா திரும்ப எடுத்துக்கிடுதேன், 6,000 தாரேன்" என்றார். 14,500-க்கு விற்ற பொருள் நாலு நாளில் 6,000.

பில் கேட்டதற்கு வாங்கும்போதே, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் கூடும் சார்" என்றார்கள். 2,610 ரூபாய் கூடும் என்று எஸ்டிமேட் சீட்டோடு விட்டது என் தவறுதான். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்த்த விலை, பில் கேட்டால் தனியாக எதுவும் கூடக்கூடாது. அந்தச் சீட்டில் "27 எல்இடி மானிட்டர் - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடல் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, 2கே என்ற சொல்லும் இல்லை. அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. அந்த வரியைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததும் முறையற்ற வணிகம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். திரும்பக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

வாங்குவது பற்றி விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

27 இஞ்சில் 1920 × 1080 எழுத்து வேலைக்கு ஆகாது, இஞ்சுக்கு 82 பிக்சல்தான் வரும். பட்ஜெட் இல்லையென்றால் 24 இஞ்சிலேயே நில்லுங்கள், அதில் 92 வரும். 27-ல் 2560 × 1440 என்றால் 109.

2கே என்று பேசாதீர்கள், 2560 × 1440 என்று கேளுங்கள். பில்லிலும் அப்படியே எழுத வையுங்கள், மாடல் நம்பரோடும் சீரியல் நம்பரோடும்.

165 ஹெர்ட்ஸ் என்றால் முதலில் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1440-ல் 165 ஓட டிஸ்ப்ளே போர்ட் 1.2 அல்லது எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், எச்டிஎம்ஐ 2.0 என்றால் 144 வரை. எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும் இருந்தால் பெட்டியை மூடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த கம்பெனி என்று வரும். என்னிடம் இருக்கிற பெட்டியில் அந்த எண்ணே இல்லை.

டெமோ வீடியோ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, ரெசல்யூஷன் பட்டியலை நீங்களே மவுஸைப் பிடித்துத் திறங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரையில் மாற்றி டெட் பிக்சல், அதாவது செத்துப்போன புள்ளி, இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அஞ்சு நிமிஷம் ஆகாது.

எஸ்டிமேட் சீட்டு வெப்பத்தாளில் அடித்தது என்றால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், எழுத்து மறைந்துவிடும். என் சீட்டை இன்று காலையில்தான் எடுத்தேன். அதில் 14,500 என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.