சின்ன ஃபிளாஷுக்குப் பெரிய சொஃப்ட்பொக்ஸ்: கோடொக்ஸ் எஸ்2 பிரக்கெட் வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டியான சொஃப்ட்பொக்ஸின் பாரம் எதில் போய் உட்காருகிறது? ஸ்டாண்டிலா, ஃபிளாஷின் அடிக்காலிலா? ஃபிளாஷையும் பெட்டியையும் ஸ்டாண்டில் பிடித்து வைக்கும் எந்தப் பிரக்கெட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெட்டியைப் பூட்டும் வளையத்திலிருந்து நேரே ஸ்டாண்டுக்கு இறங்கினால் நல்ல பிரக்கெட். ஃபிளாஷின் அடிக்கால் செருகும் ஹொட் ஷூ வழியாக இறங்கினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரு காற்று போதும், அடிக்கால் முறிந்துவிடும்.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிளக் ஒரு மூலையில்தான் இருக்கும். பொண்ணு மாப்பிள்ளையைத் தேயிலை மலையில் நிறுத்தி எடுப்பதென்றால் அதுவும் இல்லை. நான்கு டபுள் ஏ பற்றரியில் ஓடும் கோடொக்ஸ் டிடி600, யோங்நுவோ வைஎன்560 போன்ற ஃபிளாஷ்கள்தான் அங்கே கைகொடுக்கும். சந்தையில் உள்ள சொஃப்ட்பொக்ஸ்களில் பெரும்பாலானவை போவன்ஸ் வாய் உள்ளவை. அந்த பிரிட்டிஷ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டாலும் அதன் மூன்று பல் வளையத்தை மற்ற நிறுவனங்கள் பல எடுத்துக்கொண்டதால், பழைய பெட்டியும் புதிய பிரக்கெட்டும் இன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

கோடொக்ஸ் எஸ்2 அந்த வளையத்தோடு வரும் பிரக்கெட். பழைய எஸ் வகையைவிடச் சிறியது, பையில் இடத்தை அடைக்காது. இது ஃபிளாஷின் அடிக்காலைத் தொடுவதே இல்லை. தலையை மேலும் கீழும் ரப்பர் வைத்த தாடைகளால் பிடிக்கிறது, உடல் பின்னால் தொங்குகிறது. திரையும் பொத்தான்களும் உங்கள் பக்கம் இருக்கும், பற்றரி மாற்ற எதையும் கழற்ற வேண்டாம். சதுரத் தலை ஃபிளாஷ், கோடொக்ஸ் வி1 போன்ற வட்டத் தலை ஃபிளாஷ், கோடொக்ஸ் ஏடி200 எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஃபிளாஷ் குடையின் கம்பிக்கான துளையும் உண்டு.

குறைகளும் உண்டு. தாடையை அளவுக்கு மேல் இறுக்கினால் தலையின் மெல்லிய பிளாஸ்டிக் அமுங்கும், உள்ளே வெளிச்ச விரிவை மாற்றும் ஜூம் ஓடும் பாதை இறுகும். இறுக்கிய பின் ஜூமை 24இலிருந்து 105 வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சத்தம் இழுத்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இன்னொன்று, மலிவான சொஃப்ட்பொக்ஸ்களின் பற்கள் மெல்லிய தகரத்தில் இருப்பதால் பூட்டிய பிறகும் பெட்டி 'கடகட'வென்று ஆடும். பல் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால் ஆட்டம் நின்றுவிடும். ஆடவிட்டால் பூட்டு முள் தேய்ந்து, ஒருநாள் சாய்த்து வைத்த பெட்டி தானாகக் கழன்று விழும்.

ஒரு ஃபிளாஷ், 80 செ.மீ. வரையான பெட்டி என்றால் கையால் செய்ய நினைக்கவே வேண்டாம். எஸ்2 வாங்குங்கள். அலுமினியம், போல்ட், ட்ரில் கூலி, ஒரு நாள் உழைப்பு எல்லாம் போட்டு அதே வேலையைக் கொஞ்சம் மோசமாகச் செய்யும் சாமானைச் செய்வதில் அர்த்தம் இல்லை.

எஸ்2ஆல் முடியாத ஒரு வேலை இருக்கிறது. அது ஒரு ஃபிளாஷைத்தான் பிடிக்கும். 95, 120 செ.மீ. எண்கோணப் பெட்டியில் இரண்டு துணித் திரை போட்டால் ஒரு சின்ன ஃபிளாஷ் முழுச் சக்தியிலும் திணறும். இரண்டு ஃபிளாஷ் வைத்தால் ஒரு ஸ்டொப் கூடும், அதாவது வெளிச்சம் இரட்டிக்கும். அல்லது இரண்டையும் 1/2 சக்தியில் வைத்து, ஒன்று முழுச் சக்தியில் (1/1) தரும் அதே வெளிச்சத்தைச் சீக்கிரம் சீக்கிரமாக அடிக்கலாம், சூடும் குறையும். இதற்குத்தான் பட்டறை.

போவன்ஸ் வளையத்தின் வாய்க்குள் இரண்டு தலை அடங்காது. ஆனால் கம்பி செருகும் வகைப் பெட்டிகள் பலவற்றில் அந்த வளையம் தனியாகக் கழன்று வரும், அதன் பின்னால் சுமார் 15 செ.மீ. வாய் கிடைக்கும். முதலில் கழற்றி அளந்து பாருங்கள். 14 செ.மீ.க்குக் குறைவென்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

தேவையானவை: 3 மி.மீ. அலுமினியத் தகடு 20க்கு 20 செ.மீ., 38 மி.மீ. அலுமினிய எல் கோணம் சுமார் 60 செ.மீ., கோல்ட் ஷூ (ஃபிளாஷின் அடிக்காலைச் செருகும் தாங்கி) இரண்டு, உலோகத்தில் செய்த குடை சுவிவல் (ஸ்டாண்டின் தலையில் பூட்டிச் சாய்க்கும் மூட்டு) ஒன்று, எம்4 போல்ட்டுகளும் நைலொன் நட்டுகளும். ஜன்னல், கதவு செய்யும் அலுமினியக் கடையில் வெட்டுத் துண்டு கேட்டால் கோணமும் தகடும் கிடைத்துவிடும். பட்டையை வளைத்து எல் செய்யப் பார்க்காதீர்கள். ஜன்னல் அலுமினியம் கூர்மையாக வளைத்தால் மடிப்பில் வெடிக்கும். வெடிப்பு அன்றைக்குக் கண்ணில் படாது, பத்து வேலை கழித்து முறியும்.

தகட்டின் நடுவில் 11 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஜன்னல் வெட்டுங்கள். சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளை போட்டு, பிறகு பெரிதாக்குங்கள். ட்ரில் நுனியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் ஒட்டிக்கொண்டு கிழியாது. ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள், இல்லாவிட்டால் சொஃப்ட்பொக்ஸ் துணியை அறுக்கும். தகட்டைப் பெட்டியில் எஞ்சியிருக்கும் கம்பி வளையத்தில் ஏற்கனவே இருக்கும் துளைகள் வழியாகவே முடுக்குங்கள். பெட்டியைச் சுழற்ற முடியாமல் போகும், எண்கோணத்துக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஃபிளாஷ்களை நிமிர்த்தி வைத்தால் இரண்டு தலையும் பக்கத்தில் பக்கத்தில் 15 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஆகவே இரண்டையும் படுக்க வையுங்கள். இடது ஃபிளாஷின் அடிக்கால் இடப்பக்கம், வலதின் அடிக்கால் வலப்பக்கம், தலைகள் நடுவில் ஒட்டி முன்னே பார்க்க வேண்டும். அடிக்காலிலிருந்து தலையின் மையம் வரை சுமார் 15 செ.மீ. வரும். உங்கள் ஃபிளாஷை ரூலர் வைத்து அளந்தே வெட்டுங்கள், மொடலுக்கு மொடல் மாறும். இந்தக் கணக்கில் எல் கோணம் 40 செ.மீ. நீளம் வேண்டும். மீதித் துண்டை இரண்டாக்கி இரு முனையிலும் நிமிர்த்தி, கோல்ட் ஷூக்களை உட்பக்கம் பார்க்கப் பூட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு போல்ட். ஒன்று போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் திரும்பும்.

கோணத்தை ஜன்னலின் மையத்துக்குக் கீழே ஃபிளாஷ் அகலத்தில் பாதி அளவில், சுமார் 4 செ.மீ.யில், தகட்டோடு பூட்டினால் ஃபிளாஷ் உடல் அதன்மேல் படுத்துக்கொள்ளும். சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வையுங்கள், அதே ரப்பரில் ஒரு வாரும் கட்டுங்கள். ஃபிளாஷ் தன் சொந்த எடையைக்கூட ஷூவில் தொங்கவிடக் கூடாது. பற்றரிக் கதவு பக்கவாட்டில் உள்ள ஃபிளாஷ் என்றால் ஒன்றின் கதவு மேலேயும் மற்றதன் கதவு கீழேயும் வரும். கீழே இருப்பதற்கு வாரை அவிழ்த்துத்தான் பற்றரி மாற்ற முடியும், தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சுவிவலை ஃபிளாஷ்களுக்கு அடியில் பூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பெட்டியைத் திரையோடு முழுதாகக் கட்டி, தகட்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், மூக்குப் பக்கம் தாழும். சுவிவல் எவ்வளவு முன்னால் வர முடியுமோ அவ்வளவு முன்னால், தகட்டை ஒட்டியே வர வேண்டும். அதற்கு 1/4 அங்குல போல்ட் கேளுங்கள். ஹார்ட்வேர் கடையில் எம்6 எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் 1/4 அங்குலத்துக்குப் புரி இடைவெளி 1.27 மி.மீ., எம்6க்கு 1 மி.மீ. இரண்டு சுற்று ஏறி, பிறகு புரியைத் தின்றுவிடும். பழைய பிரிட்டிஷ் அளவான பிஎஸ்டபிள்யூ புரி என்றால் பரவாயில்லை, அதுவும் அங்குலத்துக்கு 20 புரிதான்.

ஃபிளாஷ் முன்கண் தகட்டால் மறைவதால் மற்ற ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு அடிக்கும் ஒப்டிகல் ஸ்லேவ் வேலை செய்யாது, ரேடியோ ட்ரிகர்தான் வழி. இரண்டையும் ஒரே குரூப்பில் போடுங்கள். ஜூமை 24இல் வைத்து, தலையிலிருந்து இழுத்து மூடும் விரிகண்ணாடியையும் போடுங்கள். உள்திரையைக் கழற்றினால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். சோதிக்க, ஃபிளாஷை மிகக் குறைந்த சக்தியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16இல் பெட்டியின் முகத்தையே நேரே படம் எடுங்கள். ஓரம் சாம்பலாகவும் நடு வெள்ளையாகவும் தெரிந்தால் தலைகளை ஒரு விரல் அகலம் பின்னால் இழுங்கள். ஜன்னலைச் சுற்றி வெளிச்சம் கசிந்தால் ரெஜிபோம் வைத்து அடைக்கலாம், ஆனால் தலையின் கண்ணாடியிலிருந்து ஒரு செ.மீ.யாவது தள்ளி. முழுச் சக்தியில் அடித்தால் ரெஜிபோம் உருகி ஒட்டிவிடும்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். கிரகரி வாவிக் கரையில் மாலைக் காற்றுக்கு 120 செ.மீ. பெட்டி பாய்மரம் மாதிரி நிற்கும். உரப்பையில் மணல் நிரப்பி ஸ்டாண்டின் காலில் வையுங்கள், சரிவில் ஒரு கால் எப்போதும் மேட்டுப் பக்கம் அல்லாமல் பள்ளத்துப் பக்கம் நீளட்டும். மூடுபனியில் பெட்டியைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் படம் முழுக்க வெள்ளைப் புகை. ஆளின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். இரும்பு வாஷர் போட்டிருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே துரு கசிந்து துணியில் பழுப்புக் கோடு விழும், எவர்சில்வர் வாஷரே போடுங்கள்.