கரைக்குப் போக வழி: சுரங்கமா, தரைச் சாலையா?

நகர மையத்துக்கும் நீர்க்கரைக்கும் நடுவே மேம்பாலச் சாலை மறித்து நின்றால், இடித்துவிடலாம், சரி. அப்புறம் வண்டிகள் எங்கே போகும்? அமெரிக்க நகரமான சியாட்டில் சுரங்கம் தோண்டியது. சான் பிரான்சிஸ்கோ தரையிலேயே மரங்களும் டிராமும் உள்ள அகலச் சாலை போட்டது.

செலவு: சுரங்கம் மிக அதிகம். தரைச் சாலை அதில் சிறு பங்கு.

காலம்: சியாட்டிலில் துளையிடும் இயந்திரம் 2013 டிசம்பரில் நின்று, ஏறக்குறைய 2 ஆண்டுகள் முடங்கியது, சுரங்கம் 2019-இல்தான் திறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் சேதமான மேம்பாலத்தை 1991-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

நடப்பவருக்கு: எனக்கு இதுதான் முக்கியம். சுரங்கம் வந்தாலும் மேலே ஒரு சாலை இருக்கத்தான் செய்யும், சியாட்டிலிலும் இருக்கிறது. எனவே இரண்டிலும் கவனிக்க வேண்டியது கடக்கும் இடம்தான். பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது? நடுவில் நிற்கத் திட்டு உண்டா? சக்கர நாற்காலியில் வருபவர் பதறாமல் கடக்க முடிகிறதா? கரை பள்ளத்தில் இருந்தால் சாய்தளமும் லிஃப்டும் கட்டாயம் வேண்டும்.

ஊரைத் தாண்டிப் போகும் வண்டிகளே அதிகம், மாற்றுப்பாதையும் இல்லை என்றால் சுரங்கம். மற்ற ஊர்களுக்குத் தரைச் சாலையே போதும். மிச்சமாகும் பணத்தை நடைபாதைக்கும் நிழலுக்கும் செலவிடுங்கள்.