மொத்த விலைக்கு விற்பதா, விற்றபின் காசு என்று வைப்பதா?

கைவினைப் பொருளோடு கடை ஏறினால் பேச்சு இரண்டில் ஒன்றாக முடியும். கடை மொத்த விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ‘வைத்துவிட்டுப் போங்கள், விற்றதும் உங்கள் பங்கைத் தருகிறோம்’ என்கிற கன்சைன்மென்ட். சில்லறை விலை 100 என்றால் மொத்த விலை பெரும்பாலும் 50. கன்சைன்மென்ட்டில் செய்தவருக்கு 60, கடைக்கு 40 என்பது பரவலாக உள்ள பங்கு. ஆளுக்குப் பாதி என்று கேட்கிற கடையோடு பேச்சே வேண்டாம். சரக்கும் நஷ்டமும் உங்கள் தலையில், கிடைப்பது மட்டும் மொத்த விலை.

50ஐவிட 60 பெரிது என்பதால் பலர் கன்சைன்மென்ட் பக்கம் சாய்கிறார்கள். நான் மொத்த விலைக்கே மாறிவிட்டேன். திரும்பி வரும் சரக்குதான் காரணம்.

ஒரு உருப்படியின் அடக்கம் 40 என்று வையுங்கள்: மூலப்பொருள் 14, ஒரு மணி நேரக் கூலி 20, பேக்கிங், மின்சாரம், கருவித் தேய்மானம், பாழாகும் உருப்படி எல்லாம் சேர்த்து 6. இருபது உருப்படியை மொத்தமாக விற்றால் 1000 வரும்; அடக்கம் 800 போக 200 லாபம். அதே இருபதையும் கன்சைன்மென்ட்டில் வைத்து 1000ஐ எட்ட எத்தனை விற்க வேண்டும்? மிச்சம் புதுசு போலத் திரும்பி வந்தால் அதற்கு அடக்க மதிப்பு உண்டு. 10 விற்றாலே போதும். மிச்சம் எதற்கும் உதவாமல் வந்தால் 17 விற்றாக வேண்டும். 10க்கும் 17க்கும் இடையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது, விற்காத சரக்கு என்ன நிலையில் கைக்கு வருகிறது என்பதே.

சாயமேற்றிய துணிப்பை கண்ணாடி ஜன்னல் ஓரம் தொங்கினால், வெளுத்த துணியில் கைப்பிடி மறைத்திருந்த கோடு மட்டும் கருத்துத் தெரியும். வாசனை மெழுகுவர்த்தி திறந்த தட்டில் இருந்தால் மேல்பக்கம் தூசி ஒட்டும், மணமும் மங்கும். வெள்ளி நகை கறுக்கும்; இதையாவது தேய்த்து மெருகேற்றலாம், ஆனால் அதற்கும் கூலி உண்டு. பின்னல் வேலைப்பாட்டைப் பலர் தொட்டுத் தொட்டு நூல் பிசிறும். அட்டைப் பெட்டியில் விலை ஸ்டிக்கரை உரித்தால் மேல்தாளும் கூடவே வரும். சுட்ட மண்பாண்டம், கல், கண்ணாடி உடையாத வரை அப்படியே இருக்கும். இவற்றுக்குக் கன்சைன்மென்ட் அவ்வளவு மோசமில்லை.

எல்லாமே நல்லபடியாக நடந்தாலும் பாருங்கள். மூன்று மாதத்தில் 14 விற்று, 6 பழுதில்லாமல் திரும்பினால் லாபம் 280. மொத்த விலையைவிட 80 கூடுதல். சரக்கை எண்ண, கணக்குத் தீர்க்க, மிச்சத்தை எடுத்துவர நான்கு மணி நேரம் போனால், மணிக்கு 20 வீதம் அந்த 80 தீர்ந்தது. அதுவரை 800 ரொக்கமும் உழைப்புமாகக் கடை அலமாரியில் முடங்கிக் கிடக்கும்.

மொத்த விலையிலும் குறை உண்டு. முதல் ஆர்டருக்குப் பணம் வந்தபின்தான் சரக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஆர்டரிலிருந்து 30 நாள் கடன் கேட்பார்கள். அது 60 நாளாக இழுபடும். பழைய பில் தீராமல் புது சரக்கு கிளம்பக் கூடாது. குறைந்தபட்ச ஆர்டரை உருப்படி எண்ணிக்கையில் சொல்லிவிடுங்கள். சேதம் இருந்தால் 7 நாளுக்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சொந்தமாக விற்கும் விலை. அடக்கம் 40 உள்ளதை நேரடியாக 65க்குப் போட்டுப் பழகியவர்கள் கடைக்கு 50 சொல்வார்கள். கடை 100 போடும். வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்துவிட்டால் கடை மறு ஆர்டர் தராது. இரண்டு இடத்திலும் சில்லறை விலை ஒன்றாக இருக்க வேண்டும். 100க்கு அந்தப் பொருள் போகாது என்றால் கூலி விகிதத்தில் கை வைக்காமல் வேலை நேரத்தைக் குறையுங்கள். பத்து பைகளுக்கான துணியை ஒரே மூச்சில் வெட்டி ஒரு பைக்கான நேரம் 45 நிமிடமானால் கூலி 15, அடக்கம் 35. மொத்த விலை 50 என்றால் உருப்படிக்கு 10 கிடைத்த இடத்தில் 15; விலையை இறக்க அந்த 5 இடம் தரும்.

நான் சொல்வது ஒரே மாதிரி பலவாகச் செய்யும் சிறு பொருட்களுக்கு. பெரிய சிற்பம், ஓவியம் போன்ற ஒற்றை உருப்படிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கடை முன்பணம் போடத் தயங்குவது நியாயமாகவே படுகிறது.

விலை போகுமா என்று தெரியாத புது டிசைனையும் கன்சைன்மென்ட்டில் வைத்துப் பார்க்கலாம். விற்கும் வரை சரக்கு செய்தவருடையது, தொலைந்தாலோ திருடு போனாலோ உங்கள் பங்கைக் கடை தர வேண்டும், தள்ளுபடி போட்டாலும் பங்கு பழைய விலைக்கே, மாதா மாதம் கணக்கு, திரும்பத் தரும் தேதி: இந்த ஐந்தும், சரக்கு வைக்கும்போது எழுதும் எண்ணிக்கைத் தாளிலேயே இருந்து, இருவர் கையெழுத்தும் விழ வேண்டும். மூன்று மாதத்தில் 20இல் 15 போயிருந்தால், அடுத்த சரக்கை மொத்த விலைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை விற்றது என்பது கடைக்காரர் தந்த மாதக் கணக்கிலேயே இருப்பதால் பேச்சு நீளாது.